முள் தைத்த இடத்தை வெள்ளையணுக்கள் எப்படி அறிகின்றன?

கேள்வி இது: "அழற்சியின்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் வெள்ளையணுக்களைத் தூண்டுகின்றன என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்தத் தூண்டுதல் என்ற சொல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அணுவுக்குக் குதிகாலில் முள் தைத்தது எப்படித் தெரியும்?"

சுருக்கமான விடை வேண்டுமென்றால், தூண்டுதல் என்பது தவணை தவணையாகக் கொடுக்கப்படும் அனுமதி என்பேன். ஓட்டத்தில் போகும் வெள்ளையணுவின் வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு சமிக்ஞை, அதைக் குழாய்ச் சுவரில் நிறுத்துவதற்கு மற்றொன்று, சுவரைத் தாண்டிய பின் திசை காட்டுவதற்கு வேறு சில, கடைசியில் அது தன் நச்சுப் பைகளைத் திறப்பதற்கு இன்னும் சில என்று ஒவ்வொரு படியிலும் தனித்தனி வேதிப்பொருள்கள் ஒப்புதல் தரவேண்டியிருக்கிறது. அவற்றுள் எதற்கும் தனியாக முழு அதிகாரம் இல்லை. இப்படி இழுத்தடிக்கும் ஏற்பாடு எதற்கென்றால், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு சுமந்து திரியும் நொதிகளும் நச்சுகளும் கிருமியின் உடலையும் நம் திசுவையும் வேறுபாடு பார்க்காமல் சிதைக்கக்கூடியவை. அவை தவறான இடத்தில் திறந்துகொண்டால் சேதம் நமக்குத்தான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பெயர்கள் எவ்வளவு குழப்பமாக இருந்தாலும் கதை நழுவாது.

அழற்சி என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சு வழக்கில் வீக்கம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வீக்கம் அதன் ஒரு குறி மட்டுமே. அழல் என்றால் நெருப்பு; அந்த வேரிலிருந்து பிறந்த சொல் நிகழ்வின் தன்மையை நன்றாகவே பிடித்துவைத்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான செல்சஸ், சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அதன் குறிகளாக எழுதிவைத்தார். இரத்தக் குழாய்கள் விரிவதும், கசிவதும், நரம்பு முனைகள் எளிதில் கிளர்ச்சியடைவதும் சேர்ந்து உண்டாக்கும் குறிகள் இவை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெள்ளையணு இந்தப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட, சீழில் காணப்படும் செல்கள் புண்பட்ட இடத்திலேயே பிறக்கின்றன என்பதே ஜெர்மனியின் பெரும் நோய்க்குறியியலாளரான ஃபிர்கோவின் கருத்தாக இருந்தது. அவருடைய மாணவர் யூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் குடல்தாங்கிச் சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்துவைத்து மணிக்கணக்கில் பார்த்தார். வெள்ளையணுக்கள் மெல்லிய சிரைகளின் ஓரத்துக்கு ஒதுங்கி, சுவரில் ஒட்டி, நெளிந்து, வெளியே வருவதை 1867இல் அவர் விவரித்து எழுதினார். சீழ் இரத்தத்திலிருந்து வருகிறது என்பது அன்று உறுதியாயிற்று.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1882இல், இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோஃப் என்னும் விலங்கியலாளர் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. இந்தச் சோதனையைச் செல்விழுங்கலின் தொடக்கக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த இளவுயிரிக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே குழாய் விரிவதோ கசிவதோ இல்லாமலே செல்கள் முள்ளைத் தேடிச் செல்ல முடிகிறது. அழைப்பு புண்ணிலிருந்தே கிளம்பிப் பரவுகிறது. நம் உடலில் குழாய்ச் சுவர் என்னும் தடுப்பு இடையில் வந்திருப்பதால், அந்தப் பழைய அழைப்போடு கதவைத் திறக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

இனி நம் குதிகாலுக்கு வருவோம். முள் தோலைத் துளைத்ததும் சில செல்கள் கிழிகின்றன. முள்ளோடு மண்ணும் பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. கிழிந்த செல்லிலிருந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி போன்ற, உள்ளே மட்டும் இருக்கவேண்டிய மூலக்கூறுகள் வெளியே கொட்டுகின்றன. வீட்டுக்குள் இருக்கவேண்டிய பாத்திரம் தெருவில் கிடந்தால் வழிப்போக்கனுக்குச் சந்தேகம் வருமல்லவா, அதுபோல அண்டைச் செல்கள் இதைச் சேதத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. 2009இல் ஜீப்ரா மீன் குஞ்சுகளின் வால் துடுப்பைச் சிறிது வெட்டிப் பார்த்த ஆய்வில், காயத்தின் விளிம்பிலுள்ள செல்கள் சில நிமிடங்களுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதும், அது காயத்திலிருந்து உள்நோக்கிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே செல்லும் செறிவுச் சரிவாகப் பரவுவதும், முதல் வெள்ளையணு வந்துசேர்வதற்கு முன்பே அந்தச் சரிவு அமைந்துவிடுவதும் கண்ணெதிரே பதிவாயின. கிருமியைக் கொல்ல வெள்ளையணு பயன்படுத்தும் பொருள் என்று நாம் படித்திருந்த அதே பெராக்சைடு, இங்கே அழைப்போலையாக வேலை செய்கிறது.

கிருமி வந்திருக்கிறது என்பதை அறிவிப்பது வேறொரு வழி. திசுவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிச் செல்களின் மேற்பரப்பில் டோல் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்பது குறிப்பிட்ட பொருள் வந்து பொருந்தியதும் செல்லுக்குள் செய்தி அனுப்பும் புரதம். பாக்டீரியாவின் உறையில் மட்டுமே காணப்படும் சில பொருள்கள், எடுத்துக்காட்டாகக் கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் லிப்போபாலிசாக்கரைடு, இந்த ஏற்பிகளில் பொருந்துகின்றன. பழ ஈயில் இந்த வழியின் பங்கை ஜூல் ஹாஃப்மனின் குழு 1996இலும், சுண்டெலியில் லிப்போபாலிசாக்கரைடை உணரும் ஏற்பி எது என்பதை புரூஸ் பாய்ட்லரின் குழு 1998இலும் காட்டின. 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இருவரும் பங்குபெற்றனர். ஏற்பி பொருந்தியதும் பெருவிழுங்கியின் உள்ளே என்எஃப்-கப்பா-பி என்னும் புரதம் தளையிலிருந்து விடுபட்டு உட்கருவுக்குள் சென்று, டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 ஆகியவற்றுக்கான மரபணுக்களை இயக்குகிறது. இவையே சைட்டோகைன்கள் எனப்படும் செய்திப் புரதங்கள். இவற்றுள் இன்டர்லூகின்-8 போல, செல்களை நகரச்செய்து தன்னை நோக்கி இழுப்பவற்றுக்குக் கீமோகைன்கள் என்று தனிப்பெயர். இவை தவிர, கல்லீரல் உண்டாக்கி இரத்த நீரில் எப்போதும் மிதக்கும் நிரப்புப் புரதங்கள் கிருமியின் மேல் பட்டதும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்கின்றன. அப்படி வெட்டுப்பட்டு உதிரும் துண்டுகளில் சி5ஏ என்பது மிக வலிமையான அழைப்பான். இதற்கு மரபணு எதுவும் இயங்கவேண்டிய தேவையில்லை. ஆகவே உடனடியாகக் கிடைக்கிறது.

இப்போது குழாய்ச் சுவர். வெள்ளையணு வெளியேறுவது பெரும்பாலும் தந்துகிகளை அடுத்து வரும் மிகச் சிறிய சிரைகளின் வழியாகத்தான். முள் தைத்த சில நிமிடங்களில், திசுவில் குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் என்றவுடன் குழாய் விரிவதும் கசிவதும்தான் நினைவுக்கு வரும். அது செய்யும் மற்றொரு வேலை பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குள் பி-செலக்டின் என்னும் ஒட்டுப் புரதம் சிறு பைகளில் ஏற்கெனவே செய்துவைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டமின் பட்டதும் அந்தப் பைகள் மேற்பரப்புக்கு வந்து திறக்க, நிமிடங்களில் சுவர் பிசுபிசுப்பாகிவிடுகிறது. டிஎன்எஃபும் இன்டர்லூகின்-1உம் வந்து சேர்ந்த பின், அடுத்த சில மணி நேரத்தில் ஈ-செலக்டினும் ஐகேம்-1 என்னும் பிடிமானப் புரதமும் புதிதாகச் செய்யப்பட்டு மேலே வருகின்றன. முதலில் இருப்பில் உள்ளதை எடுத்துச் செலவழிப்பது, பிறகு புதிதாகச் சமைப்பது என்ற ஒழுங்கு இங்கே மட்டுமல்ல, அழற்சியில் பல இடங்களில் காணப்படும்.

செலக்டின் பிடிப்பது மிகத் தளர்வான பிடி. வெள்ளையணு அதில் மாட்டும், இரத்த ஓட்டம் இழுக்கும், பிடி விடும், அடுத்த செலக்டினில் மாட்டும். ஆக அது சுவரோரமாக உருண்டுகொண்டே மெதுவாகப் போகும். நிறுத்தி வைப்பதற்கு இந்தப் பிடி போதாது. நிறுத்துவது இன்டெக்ரின்கள் என்னும் வேறு வகைப் புரதங்களின் வேலை. ஆனால் இன்டெக்ரின் வெள்ளையணுவின் மேல் சாதாரண நேரத்தில் மடங்கிக் குனிந்த நிலையில், எதையும் பற்ற முடியாதபடி இருக்கிறது. இங்கேதான் தூண்டுதல் என்ற சொல் தன் முதல் உண்மையான பொருளைப் பெறுகிறது. உருண்டு செல்லும் வெள்ளையணுவுக்குச் சுவரின் மேல் கீமோகைன்கள் காத்திருக்கின்றன. அவை இரத்தத்தில் மிதந்தால் அடித்துச் செல்லப்பட்டுவிடும் என்பதால், உட்சுவர்ச் செல்களின் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். கடைத்தெருவில் மெதுவாக நடப்பவருக்குத்தான் பெயர்ப்பலகை படிக்க முடியும், ஓடுபவருக்கு முடியாது. உருளும் வெள்ளையணு அந்தக் கீமோகைனைத் தன் ஏற்பியால் தொட்டதும், ஏற்பியோடு இணைந்த ஜி-புரதம் உள்ளே செய்தி அனுப்ப, டாலின், கிண்ட்லின் என்னும் உட்புரதங்கள் இன்டெக்ரினின் வாலைப் பிடித்து நெம்ப, மடங்கியிருந்த இன்டெக்ரின் நிமிர்ந்து ஐகேம்-1ஐ இறுகப் பற்றுகிறது. தொட்டதிலிருந்து நிற்பது வரை ஒரு நொடிகூட ஆவதில்லை.

இந்த வரிசை ஊகமாகச் சொல்லப்பட்டது அன்று. 1991இல் லாரன்ஸ், ஸ்பிரிங்கர் ஆகிய இருவரும் செயற்கைச் சவ்வு ஒன்றைச் செய்து அதன் மேல் நியூட்ரோஃபில்களை ஓட்டத்தில் விட்டார்கள். செலக்டின் மட்டும் இருந்தபோது அவை உருண்டன, நிற்கவில்லை. ஐகேம்-1 மட்டும் இருந்தபோது எதையும் பிடிக்காமல் அடித்துச் செல்லப்பட்டன. இரண்டும் இருந்து, வேதி அழைப்பானும் சேர்ந்தபோது உருண்டு, நின்று, பரந்து ஒட்டிக்கொண்டன.

இதே பாடத்தை இயற்கை இரக்கமின்றிக் கற்பிக்கும் பிறவி நோய்களும் உண்டு. பீட்டா-2 இன்டெக்ரினுக்கான மரபணு பழுதான குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி வழக்கமான நாளில் விழாமல் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். தோலிலும் வாயிலும் தொற்று மாறி மாறி வரும். புண் இருக்கும், ஆனால் சீழ் கோக்காது. இரத்தப் பரிசோதனை செய்தால் வெள்ளையணு எண்ணிக்கை பல பத்தாயிரங்களில் நிற்கும். தேவையான இடத்துக்கு மிக அருகில், குழாய்க்குள்ளேயே அவை சுற்றிச் சுற்றி வருகின்றன. வெளியே வர வழியில்லை. செலக்டின் பற்றவேண்டிய சர்க்கரையில் ஃபியூக்கோஸ் குறைவதால் உருளவே முடியாத இரண்டாம் வகை ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகைதான் நம் கேள்விக்கு நேரான விடை: இந்த நோயாளிகளில் இன்டெக்ரின் சரியாகவே இருக்கிறது, கீமோகைன் இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது, கிண்ட்லின்-3 மட்டும் இல்லை. செய்தி உள்ளே வருகிறது, கை நிமிர்வதில்லை. இரத்தத் தட்டணுக்களின் இன்டெக்ரினுக்கும் அதே கிண்ட்லின் தேவைப்படுவதால் இவர்களுக்கு இரத்தக் கசிவும் சேர்ந்து வரும். மாணவர்கள் எவ்வளவு படம் வரைந்தாலும் விளங்காத ஏற்பிக்கும் செயலுக்கும் இடையிலான தூரம், இந்த ஒரு நோயைச் சொன்னதும் அவர்களுக்கு விளங்கிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சுவரில் நின்ற நியூட்ரோஃபில் உட்சுவர்ச் செல்களின் இடுக்கில் உடலை நுழைத்து, அடியிலுள்ள அடித்தளச் சவ்வையும் தாண்டித் திசுவுக்குள் வருகிறது. இனி அது நீந்துவதில்லை, ஊர்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். தன் உடல் நீளத்தையே ஒரு நிமிடத்தில் கடக்கும் வேகம்தான் அது. திசையை எப்படி அறிகிறது? அதன் மேற்பரப்பு முழுவதும் ஏற்பிகள் பரவியிருக்கின்றன. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் வேதிப்பொருளின் செறிவில் 1 அல்லது 2 சதவீத வேறுபாடு இருந்தாலே அதற்குப் போதும். அந்தச் சிறு வேறுபாட்டை உள்ளேயுள்ள வேதிவினைகள் பெருக்கிவிடுகின்றன: செறிவு கூடிய பக்கத்தில் சவ்வின் உட்புறம் பிஐபி3 என்னும் கொழுப்புக் குறியீடு குவிய, அங்கே ஆக்டின் இழைகள் நீண்டு முன்னங்காலை உந்துகின்றன; எதிர்ப்பக்கத்தில் மயோசின் சுருங்கி வாலை இழுத்துக்கொள்கிறது. 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் படம்பிடித்த துண்டுப் படம் ஒன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். சிவப்பணுக்களின் நடுவே ஒரு நியூட்ரோஃபில், ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைத் திரும்பித் திரும்பித் துரத்திப் பிடிப்பதை அதில் காணலாம். அதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செல்லுக்குக் கண் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் திசுவில் ஒரு சமிக்ஞை மட்டும் இருப்பதில்லை. குழாயருகில் இன்டர்லூகின்-8, சற்றுத் தள்ளி லியூக்கோட்ரையீன் பி4 என்னும் கொழுப்புவகைச் சமிக்ஞை, கிருமியிடத்தில் சி5ஏ என்று பல வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவியிருக்கும். இன்டர்லூகின்-8 மிகச் செறிவாக உள்ள இடத்திலேயே அணு தங்கிவிட்டால் கிருமியிடம் போய்ச்சேராது. ஆகவே அதற்குள் ஒரு தரவரிசை இருக்கிறது. இன்டர்லூகின்-8, லியூக்கோட்ரையீன் பி4 ஆகியவை வழிகாட்டும் பொருள்கள். சி5ஏயும் ஃபார்மைல் பெப்டைடுகளும் இலக்கைக் குறிக்கும் பொருள்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளிலிருந்து இழுத்தால், நியூட்ரோஃபில் இலக்குப் பொருளின் பக்கமே திரும்பும். இரண்டு வகைக்கும் உள்ளே செய்தி கடத்தும் பாதைகள் வேறு. இலக்குப் பொருளின் பாதை மற்றதன் குரலை அடக்கிவிடுகிறது.

ஃபார்மைல் பெப்டைடு பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. பாக்டீரியாக்கள் தங்கள் புரதங்களை எல்லாம் ஃபார்மைல் ஒட்டிய மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தில் தொடங்குகின்றன; நம் செல்லின் பொதுவான புரதங்கள் அப்படித் தொடங்குவதில்லை. ஆகவே ஃபார்மைல் பெப்டைடு கண்ணில் பட்டால் அருகில் பாக்டீரியா இருக்கிறது என்று முடிவுகட்ட நியூட்ரோஃபிலுக்கு நல்ல காரணம் இருக்கிறது. இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. நம் செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே உள்ளே வந்து தங்கிய பாக்டீரியாவின் வழித்தோன்றல். அது இன்றும் தன் புரதங்களை ஃபார்மைலோடுதான் தொடங்குகிறது. செல் முழுதாக இருக்கும்வரை இது வெளியே தெரிவதில்லை. பெரிய விபத்தில் தசைகள் நசுங்கினால் மைட்டோகாண்டிரியாத் துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை நியூட்ரோஃபில்களை உடலெங்கும் கிளப்பிவிட்டு, தொற்றே இல்லாத நோயாளியிடம் இரத்த நச்சேற்றம் போன்ற தோற்றத்தை உண்டாக்க முடியும் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய விருந்தாளியை உடல் இன்னும் முழுதாகச் சொந்தக்காரனாக ஏற்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதலில் வந்துசேரும் சில நியூட்ரோஃபில்கள் அங்கே இறக்கும்போது, மற்றவை லியூக்கோட்ரையீன் பி4ஐத் தாங்களே சுரந்து பின்னால் இருப்பவற்றை அழைக்கின்றன. அவை வந்து மேலும் சுரக்கின்றன. தேனீக் கூட்டம் போல நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் மொய்ப்பது இதனால்தான். அந்தக் குதிகால் மறுநாள் விண் விண் என்று தெறிப்பதற்குப் பின்னால் இந்தக் கூட்டமும் இருக்கிறது.

வந்தவுடன் கொல்லத் தொடங்குவதில்லை என்பதுதான் அடுத்த படி. ஓய்வில் இருந்த நியூட்ரோஃபிலின் மேல் சிறிதளவு சி5ஏயைத் தெளித்தால் அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. அதற்கு முன் டிஎன்எஃபோ லிப்போபாலிசாக்கரைடோ அதைத் தொட்டிருந்தால், அதே சி5ஏ பல மடங்கு வினையைக் கிளப்பும். முதல் சமிக்ஞை துப்பாக்கியில் தோட்டா ஏற்றுகிறது, இரண்டாவதுதான் விசையை இழுக்கிறது. நியூட்ரோஃபிலின் உள்ளேயுள்ள பைகளும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. மிகச் சிறிய தூண்டலுக்கே திறப்பவை ஏற்பிகளையும் இன்டெக்ரின்களையும் சுமந்துள்ள சுரப்புப் பைகள். இவை திறப்பதால் செல்லுக்குக் கூடுதல் கண்ணும் கையும் கிடைக்கின்றன, யாருக்கும் தீங்கில்லை. அடுத்து, திசு வழியே பாதை வெட்ட உதவும் ஜெலட்டினேஸ் பைகள். எலாஸ்டேஸ், மையெலோபெராக்சிடேஸ் போன்ற கொடிய சரக்குள்ள பைகள் கடைசியில், மிக வலுவான தூண்டலுக்கு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் கிருமியை விழுங்கிய குமிழுக்குள்ளேயே திறக்கின்றன. ஆக்சிஜனை நச்சாக மாற்றும் நொதியமைப்பும் இப்படித்தான். அதன் பாகங்கள் சாதாரண நேரத்தில் சவ்விலும் செல்நீர்மத்திலும் பிரித்து வைக்கப்பட்டு, தூண்டல் வந்த பின்னரே ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. இந்த நொதியின் ஒரு பாகம் பிறவியிலேயே பழுதான குழந்தைகளில் நியூட்ரோஃபில்கள் ஒழுங்காக வந்துசேர்ந்து கிருமியை விழுங்கவும் செய்கின்றன, சில வகைக் கிருமிகளைக் கொல்ல மட்டும் முடிவதில்லை. எல்லாம் கைவிட்ட நிலையில் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசி, அதில் நொதிகளை ஒட்டிக் கிருமியைச் சிக்கவைக்கும் வழியும் நியூட்ரோஃபிலுக்கு உண்டு. 2004இல்தான் இது கண்டறியப்பட்டது.

மற்ற வெள்ளையணுக்களுக்கும் இதே இலக்கணம்தான், சொற்கள் மட்டும் வேறு. ஒன்றிரண்டு நாளில் மோனோசைட்டுகள் சிசிஎல்2 என்னும் கீமோகைனைப் பின்தொடர்ந்து வந்து திசுவில் பெருவிழுங்கிகளாக மாறும். ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் ஈசினோஃபில்களை அழைப்பவை ஈயோடாக்சின் வகைகள். குதிகாலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது, நிணநீர் வழியே அங்கு போன செய்தியைக் கேட்டு லிம்போசைட்டுகள் பெருகுவதன் அடையாளம்.

இவ்வளவும் புண்ணருகே நடக்கையில், சைட்டோகைன்களில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து தொலைவிலும் வேலை செய்கிறது. இன்டர்லூகின்-1உம் இன்டர்லூகின்-6உம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் வேதிப்பொருள் உருவாக வழிசெய்ய, காய்ச்சல் வருகிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டுவதால் பரிசோதனைச் சீட்டில் சிஆர்பி என்னும் அழற்சிக் குறிப்புரதம் ஏறுகிறது. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சாதாரணமாகவே ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. சிஎக்ஸ்சிஎல்12 என்னும் கீமோகைன் அவற்றை மஜ்ஜையிலேயே பிடித்துவைத்திருக்கிறது. தொற்றின்போது ஜி-சிஎஸ்எஃப் என்னும் சைட்டோகைன் அந்தப் பிடியைத் தளர்த்த, முழுதாக முதிராதவைகூட இரத்தத்துக்கு வந்துவிடும்.

நடைமுறையில் அடிக்கடி கேட்கப்படும் இரண்டு சந்தேகங்களுக்கு இங்கிருந்தே விடை கிடைக்கிறது. வலி மாத்திரை போட்டால் சீழ் வற்றுமா? ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். புரோஸ்டாகிளாண்டின் வலியையும் சிவப்பையும் காய்ச்சலையும் கூட்டுகிறதே தவிர, நியூட்ரோஃபிலை அழைக்கும் முதன்மைப் பொருள் அன்று. சி5ஏ, இன்டர்லூகின்-8, லியூக்கோட்ரையீன் பி4 ஆகியவற்றை அந்த மாத்திரை தொடுவதில்லை. ஆகவே வலி குறையும். சீழ் கோப்பது தன் போக்கில் நடக்கும். அடுத்தது, ஸ்டீராய்டு மருந்து அழற்சியை அடக்குகிறது என்றால், அதைச் சாப்பிடுபவரின் வெள்ளையணு எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழப் பாதி எந்நேரமும் குழாய்ச் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். அவை பரிசோதனைக் குழாயில் வருவதில்லை. ஸ்டீராய்டு அவற்றைச் சுவரிலிருந்து கழற்றி நடு ஓட்டத்துக்கு அனுப்புகிறது, மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியே விடுகிறது. சீட்டில் எண் கூடுகிறது. திசுவுக்குப் போய்ச்சேர்பவை குறைகின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தொற்று என்று முடிவுசெய்யக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கிருமியே இல்லாமல் இந்த இயந்திரம் முழு வேகத்தில் ஓடுவதைக் காணவேண்டுமானால் கவுட் வாதத்தைப் பார்க்கலாம். கால் பெருவிரல் மூட்டில் யூரேட் படிகங்கள் படிகின்றன. அங்குள்ள பெருவிழுங்கி படிகத்தை விழுங்குகிறது. அதனுள் என்எல்ஆர்பி3 என்னும் புரதக் கட்டமைப்பு இயங்கி இன்டர்லூகின்-1 பீட்டாவைச் செயல்நிலைக்கு வெட்டித்தருகிறது. இந்த இணைப்பு 2006இல் வெளிவந்தது. அதன்பின் மேலே சொன்ன வரிசை அப்படியே நடந்து, ஒரே இரவில் போர்வை பட்டாலும் தாங்காத வலி வந்துவிடுகிறது. கவுட்டுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தரப்பட்டுவரும் கோல்ச்சிசின், செல்லின் உள்ளே நுண்குழாய்கள் அமைவதைக் குலைத்து நியூட்ரோஃபிலின் நகர்வையும் ஒட்டுதலையும் மந்தமாக்குகிறது. யூரேட்டை அது குறைப்பதே இல்லை. முக்கியமாக வெள்ளையணு வருவதைத்தான் தடுக்கிறது. அதற்கே வலி அடங்குகிறது என்றால் அந்த வலியில் வெள்ளையணுவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அணைப்பதும் வேதிப்பொருள்களின் வேலைதான். அழற்சி சில மணி நேரம் நடந்த பின், முன்பு லியூக்கோட்ரையீன் உருவாகிக்கொண்டிருந்த அதே அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்திலிருந்து லிப்பாக்சின்கள் உருவாகத் தொடங்குகின்றன. 1984இல் சார்ல்ஸ் செர்ஹனும் பென்ட் சாமுவேல்சனும் சக அறிஞர்களோடு அறிவித்த இந்தப் பொருள்கள் புதிய நியூட்ரோஃபில்கள் வருவதை நிறுத்தி, பெருவிழுங்கிகளை அழைக்கின்றன. வேலை முடிந்த நியூட்ரோஃபில் வெடித்துச் சாவதில்லை. சுருங்கி, ‘என்னைத் தின்னலாம்’ என்னும் குறியை மேற்பரப்பில் காட்டி அடங்குகிறது. அதை விழுங்கிய பெருவிழுங்கி டிஎன்எஃப் சுரப்பதைக் குறைத்து, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா ஆகியவற்றைச் சுரக்கத் தொடங்குகிறது. திசுவைச் சரிசெய்யும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

குதிகாலில் முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டால் இந்த மாற்றம் முழுமையடைவதில்லை. விழுங்க முடியாத பொருளைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பேருருச் செல்களாகின்றன, அவற்றைச் சுற்றி நார்த்திசு சுவர் எழுப்புகிறது. வாரங்கள் கழித்தும் அழுத்தினால் வலிக்கும் சிறு கட்டியாக அது நிற்கும். அறுத்து நுனியை வெளியே எடுத்தால், சில நாள்களில் அந்த இடம் தானாக அடங்கிவிடும்.